தெருக்கடையும் தொடர் அங்காடியும்

“தெருக்கடை சிறந்ததா, தொடர் அங்காடி சிறந்ததா?” என்னும் தலைப்பு பட்டிமன்றத்துக்கு மிகவும் ஏற்றது. இரண்டு அணியினருக்கும் சொல்வதற்குச் செய்தி உண்டு; இரண்டு அணியினருக்கும் கைதட்டலும் கிடைக்கும். ஆனால், தீர்ப்பு வழங்கிவிட்டு வீடு திரும்பும் நடுவர் வழியில் எந்தக் கடையில் பொருள் வாங்குகிறார் என்று எவரும் கேட்பதில்லை. அவர் பெரும்பாலும் இரண்டிலும் வாங்குபவராகவே இருப்பார். மாதத் தொடக்கத்தில் பேரங்காடி. இருபதாம் தேதிக்குப் பிறகு தெருமுனைக் கடை. இந்தத் தேதிக் கணக்கைச் சற்று ஊன்றிப் பார்த்தால், பட்டிமன்றங்களில் பேசப்படாத சில உண்மைகள் புலப்படும்.

அங்காடி என்பது பழந்தமிழ்ச் சொல். மதுரை நகரின் பகற்கடைத்தெருவை நாளங்காடி என்றும், இரவுக் கடைத்தெருவை அல்லங்காடி என்றும் மதுரைக்காஞ்சி குறிப்பிடுகிறது. அன்று அங்காடி என்பது பலர் கூடியிருந்து விற்ற இடம். இன்றோ, ஒரே நிறுவனம் ஒரே பெயர்ப் பலகையின்கீழ்ப் பல ஊர்களில் நடத்தும் கடைகளுக்கும் அச்சொல்லே வழங்குகிறது. அவற்றைத் தொடர் அங்காடிகள் என்பர். ‘சூப்பர் மார்க்கெட்’ என்றால் எவருக்கும் எளிதில் விளங்கும். தனியொருவரோ ஒரு குடும்பமோ நடத்தும் மளிகைக்கடையை மும்பையிலும் தில்லியிலும் ‘கிரானா’ என்பர். அதனை நடத்துபவர் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக்காரராக இருந்தால், பலகையில் எந்தப் பெயர் எழுதியிருந்தாலும் தமிழர் வாயில் அது ‘அண்ணாச்சி கடை’தான்.

இவ்விரு வகைக் கடைகளும் அருகருகே நின்று போட்டியிடுவதைக் காண மும்பை மிகப் பொருத்தமான நகரம். மாட்டுங்காவில் தென்னிந்தியர் பல தலைமுறைகளுக்கு முன்பே குடியேறினர். தாராவிக்கோ, திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தோல் பதனிடும் தொழிலை நாடி மக்கள் வந்தனர். ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு நடந்தே சென்றுவிடலாம். ஆயினும் இவ்விரு இடங்களின் கடைகளும் ஒரே தன்மையன அல்ல. மாட்டுங்காச் சந்தையில் வாழையிலைக் கட்டு, மல்லிகைச் சரம், கண்ணெதிரே அரைத்துத் தரும் காப்பித்தூள், பூசைப் பொருள்கள் எனத் தேடிவந்து வாங்குவோர் மிகுதி. தாராவிச் சந்துகளில் உள்ள கடைகளுக்கு எவரும் தேடி வருவதில்லை. அங்கே வாங்குபவர் பத்து வீடு தள்ளி வாழ்பவர். ஒரே நாளில் இரண்டு மூன்று முறை வருபவர்.

பெருங்கடைகளும் இந்நகரத்துக்குப் புதியன அல்ல. 1948ஆம் ஆண்டு நாய்காவ் பகுதியில் தொழிலாளர்கள் தொடங்கிய கூட்டுறவு நுகர்வோர் அமைப்பே பின்னாளில் ‘அப்னா பஜார்’ என்று பெயர்பெற்றது. நியாயமான விலையில் பொருள் பெற வேண்டுமானால் கடையைத் தாமே வைத்துக்கொள்ள வேண்டும் என அவர்கள் முடிவு செய்தனர். அக்கால வணிகரின் நேர்மை குறித்து உழைக்கும் மக்கள் கொண்டிருந்த கருத்துக்கு அம்முடிவே சான்று. தெருக்கடையின் பொற்காலம் என்று ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு ஏங்குவோர் இந்த வரலாற்றை மறந்துவிடுகின்றனர். அதன்பின் அரை நூற்றாண்டு கழித்தே தனியார் நிறுவனங்களின் தொடர் அங்காடிகள் பெருகின. ‘டிமார்ட்’ நிறுவனம் தன் முதற்கடையை 2002இல் இந்நகரின் பவாய்ப் பகுதியில் திறந்தது.

தொடர் அங்காடியில் விலை குறைவு என்பது வெறும் விளம்பரம் அன்று. பல பொருள்களில் அது உண்மை. அதற்குக் காரணங்களும் உண்டு. நூற்றுக்கணக்கான கடைகளுக்கும் சேர்த்து ஒரே முறையில் கொள்முதல் செய்யும் நிறுவனம், இடைத்தரகர் சிலரைத் தவிர்த்து உற்பத்தியாளரிடமே விலை பேச முடியும். உரிய பணத்தை விரைவாகக் கொடுத்துத் தள்ளுபடி பெற முடியும். வாடகைக்கு இடம் பிடிக்காமல் சொந்தக் கட்டடங்களில் கடை நடத்துவதை டிமார்ட் தன் வழக்கமாகவே கொண்டது; வாடகைச் செலவு குறைந்தால் விலையையும் குறைக்கலாம். அடுக்கில் கண்ணுக்கு நேரே தங்கள் பொருளை வைப்பதற்காக உற்பத்தி நிறுவனங்கள் அங்காடிக்குப் பணம் செலுத்துவதும் உண்டு. தெருக்கடைக்காரர் நிலை வேறு. அவர் வாஷி மொத்தச் சந்தையிலோ, தம் கடைக்கு வரும் விநியோகஸ்தரிடமோ இரண்டு மூட்டை, நான்கு பெட்டி என்று வாங்குகிறார். அவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி சிறியது. அதிலிருந்து வாடிக்கையாளருக்கு விட்டுக்கொடுக்கக் கூடியது அதனினும் சிறியது. ஆகவே, விலையைக் காட்டித் தெருக்கடைக்காக வாதாடுபவர் தோற்றே தீருவார். அந்த வாதத்தை எதிரணியிடமே விட்டுவிடுவது நல்லது.

தெருக்கடையின் தேவை அளவில் இருக்கிறது. பேரங்காடியில் ஐந்து கிலோ அரிசி, ஒரு லிட்டர் எண்ணெய், அரைக்கிலோ பருப்பு ஆகியவை கட்டப்பட்ட பொட்டலங்களாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். ஒன்று வாங்கினால் மற்றொன்று இலவசம் என்னும் சலுகையும் முதல் ஒன்றை வாங்கப் பணம் உள்ளவருக்கே உரியது. நாட்கூலி பெறும் ஒருவர் மாலை ஏழு மணிக்குக் கையில் நூறு ரூபாயுடன் வருகிறார். அதில் அரிசியும் வேண்டும், பருப்பும் வேண்டும், எண்ணெயும் வேண்டும், குழந்தைக்கு ஒரு ரொட்டிப் பொட்டலமும் வேண்டும். “பத்து ரூபாய்க்குத் துவரம்பருப்பு கொடுங்கள்” என்று அவர் கேட்கக்கூடிய இடம் தெருக்கடை ஒன்றே. கடைக்காரர் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, பருப்பை இட்டு, தராசில் வைத்து, நூலைச் சுற்றித் தருகிறார். ஒரு முட்டை, இரண்டு வெங்காயம், ஒரு தீப்பெட்டி, ஐந்து ரூபாய்க்குப் புளி என எதனையும் அங்கே கேட்கலாம். கேட்பவர் ஏளனப் பார்வைக்கு ஆளாவதில்லை. ஏனெனில் அடுத்து நிற்பவரும் அவ்வாறே கேட்கப்போகிறார்.

இந்தச் சிறு அளவின் ஆற்றலை முதலில் உணர்ந்து பெருந்தொழிலாக்கியவர்களுள் ஒரு தமிழரும் உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன், புட்டியில் மட்டும் விற்ற ஷாம்பூவைச் சிறு உறையில் அடைத்து விற்கலாம் என்று எண்ணினார். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் ‘சிக்’ ஷாம்பூவைத் தொடங்கி அவ்வழியிலேயே நாடெங்கும் கொண்டுசென்றார். கடை வாயிலில் மாலை போல் தொங்கும் உறைச் சரங்களிலிருந்து ஒன்றைக் கிழித்துக் கொடுக்கும் வழக்கம் இவ்வாறே பரவிற்று. அந்த உறைகள் சாக்கடைகளை அடைத்துக் கிடக்கின்றன என்பதும் உண்மையே. அது தனியே பேச வேண்டிய துன்பம். ஆயினும், மாதம் முழுமைக்கும் புட்டி வாங்க இயலாத ஒரு வீட்டுக்கும் அப்பொருள் எட்டியது தெருக்கடையின் ஆணியில் அது தொங்கியதால்தான்.

அளவுக்கு அடுத்தது கடன். “அண்ணாச்சி, கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்” என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிச் செல்லும் உரிமை எந்தத் தொடர் அங்காடியிலும் இல்லை. அங்கும் கடன் அட்டை உண்டு. ஆனால் அது வங்கி நம்பிய மனிதருக்கே கிடைக்கும். சம்பளச் சீட்டு இல்லாதவரை, வாடகை ஒப்பந்தம் இல்லாதவரை, நேற்று ஊரிலிருந்து ரயில் ஏறி வந்தவரை நம்புவதற்குத் தெருமுனையில் ஒருவர் இருக்கிறார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் இவர் எந்த வீட்டில் குடியிருக்கிறார், யாருக்கு உறவு, எங்கே வேலை பார்க்கிறார் என்பவையே. இடம்பெயர்ந்து வந்த பல குடும்பங்களின் முதல் மாதச் சோறு அந்த நீள நோட்டின் ஒரு பக்கத்தில் எழுதப்பட்டிருக்கும்.

இதனைப் புகழும்போதே ஒன்றையும் மறைக்கலாகாது. கணக்கு நோட்டு கைகொடுக்கும், கட்டியும் போடும். கடன் நிலுவையில் உள்ளவர் வேறு கடைக்குச் செல்லத் தயங்குவார். பருப்பில் கல் இருந்தாலும் வாய் திறவார். விலை ஒரு ரூபாய் கூடுதலாக எழுதப்பட்டிருப்பின் அதைக் கேட்கவும் அஞ்சுவார். வட்டி என்று தனியே எழுதப்படாவிட்டாலும், அது விலைக்குள் ஒளிந்திருக்கலாம். நோட்டு கடைக்காரரிடம் மட்டுமே இருப்பது முறையன்று. வாங்குபவரிடமும் ஒரு நோட்டு இருந்து, இரண்டிலும் ஒரே நேரத்தில் எழுதும் வழக்கமே நேர்மையானது.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, மும்பையின் உயிரோட்டமான புறநகர் ரயில்கள் நின்றன. கைப்பேசி வழியே பொருள் அனுப்பும் நிறுவனங்கள் குவிந்த தேவையைச் சமாளிக்க முடியாமல் திணறின. அந்நாளில் ஒரு குடும்பத்துக்கு எட்டிய உலகம் நடந்து செல்லும் தொலைவு மட்டுமே. அந்தத் தொலைவுக்குள் கடை இருந்த தெருக்கள் பிழைத்தன. வருவாய் நின்றுபோன வீடுகளுக்கும் கணக்கு எழுதிக் கொடுத்த கடைக்காரர் பலர்.

இனி, தெருக்கடையின் குறைகள். இவற்றைப் பேசாமல் தெருக்கடையைப் போற்றுவது அண்ணாச்சிக்குச் செய்யும் உதவியாகாது.

முதலாவது, வரிசை. பேரங்காடியில் பணம் செலுத்தும் இடத்தில் வரிசை என்றால் வரிசைதான். காரில் வந்தவரும், அவர் வீட்டில் பாத்திரம் துலக்குபவரும் ஒருவர்பின் ஒருவராகவே நிற்க வேண்டும். தெருக்கடையில் அவ்வாறன்று. பெரிய பட்டியலுடன் வருபவரை “வாங்க சார்” என்று வரவேற்கும் குரல், ஐந்து ரூபாய்ப் பொருளுக்காக முன்பே வந்து நிற்கும் பெண்ணை “கொஞ்சம் பொறும்மா” என்று நிறுத்திவைப்பதைப் பல கடைகளில் கேட்கலாம். சிறுவர்களை அவர்கள் கடைசிவரை காத்திருக்க வைப்பதைப் பற்றிச் சிறுவர்களுக்கே நன்கு தெரியும். விலை அச்சிட்ட பொருளைத் தானே எடுத்துப் பார்த்து, வேண்டாமெனில் திரும்ப வைத்துவிட்டு, எவருக்கும் விளக்கம் கூறாமல் வெளியேறும் உரிமை சிறியதன்று. பலருக்கு அது முதன்முதலில் கிடைத்த இடம் பேரங்காடி. (வாயிலில் நிற்கும் காவலர் உடையைப் பார்த்து எடைபோடும் இடங்களும் உண்டு, அங்கே அந்த உரிமையும் பொய்யாகிறது.)

இரண்டாவது, அளவையும் விலையும். தராசும் எடைக்கற்களும் குறித்த காலத்தில் அரசின் சட்டமுறை எடையளவுத் துறையால் சரிபார்க்கப்பட்டு முத்திரையிடப்பட வேண்டும். அந்த முத்திரை எங்கே என்று கேட்டால் முகம் சுளிக்கும் கடைகள் உள்ளன. பொட்டலத்தில் அச்சிடப்பட்ட எம்.ஆர்.பி. என்பது உச்ச விலை. அதற்குக் குறைவாக விற்கலாம், கூடுதலாக விற்பது குற்றம். குளிரூட்டியில் வைத்த பானத்துக்கு “குளிர்ச்சிக்கு இரண்டு ரூபாய்” என்று மேலே வாங்கும் வழக்கம் எவ்வளவு பரவியிருந்தாலும் சட்டத்துக்குப் புறம்பானதே. பத்து ரூபாய்க்குப் பருப்பு வாங்குபவரிடம் எடையில் ஐந்து கிராம் குறைந்தால் அது அவருடைய ஒரு கவளச் சோறு. சிறு அளவில் விற்பதே தெருக்கடையின் பெருமை என்றால், சிறு அளவில் பிழை செய்யாதிருப்பதே அதன் கடமையாகும்.

மூன்றாவது குறை மிகப் பெரியது; அது கடைப் பையன்களைப் பற்றியது. ஊரிலிருந்து உறவினர் என்றும் தெரிந்தவர் என்றும் அழைத்து வரப்படும் இளைஞர்கள் பலர், காலையில் பால் வண்டி வரும் முன்பே எழுந்து, இரவு கதவடைக்கும் வரை நின்று, கடைக்குள்ளேயே மூட்டைகளின் நடுவே உறங்குகின்றனர். இருபது பேரேனும் பணிபுரியும் நிறுவனங்களுக்கே வருங்கால வைப்புநிதிச் சட்டம் பொருந்தும். பணியாளர் அரசுக் காப்பீட்டுக்குப் பத்துப் பேர் வேண்டும். மகாராஷ்டிராவின் 2017ஆம் ஆண்டுக் கடைகள் சட்டத்தின் பாதுகாப்புகளும் பெரும்பாலும் குறிப்பிட்ட எண்ணிக்கையினரேனும் பணிபுரியும் இடங்களுக்கே உரியவை. இரண்டு பேர் வேலை செய்யும் கடையில், முதலாளியின் மனமே சட்டம். அம்மனம் நல்லதாக அமைந்தால் ஐந்தாறு ஆண்டுகளில் அந்தப் பையனுக்கே ஒரு கடை வைத்துக் கொடுப்பதுண்டு. பல அண்ணாச்சிகள் அவ்வாறு உருவானவர்களே. அமையாவிட்டால் அவன் கணக்கு எந்த நோட்டிலும் இராது.

தொடர் அங்காடியின் ஊழியருக்குச் சம்பளச் சீட்டும் சீருடையும் உண்டு. ஆனால் அவருக்கும் நாற்காலி எளிதில் கிடைத்ததன்று. நாள் முழுதும் நின்றே விற்க வேண்டும் என்னும் கொடுமையை எதிர்த்துக் கடைப் பணியாளர்கள் நெடுங்காலம் குரல் கொடுத்த பின்னரே, கேரளம் 2018இலும் தமிழ்நாடு 2021இலும் கடை ஊழியர்கள் அமர்வதற்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தின. உட்காரும் உரிமைக்கே ஒரு சட்டம் தேவைப்பட்டது என்றால் அந்தக் கடைகளின் மினுமினுப்பை நம்பி மயங்க வேண்டியதில்லை.

தொடர் அங்காடிக்கு மற்றொரு பலவீனமும் உண்டு. அது சாகும்போது ஒட்டுமொத்தமாகச் சாகும். 1997இல் சென்னையில் தொடங்கிய ‘சுபிக்ஷா’ ஏறத்தாழ 1,600 கடைகளாக நாடெங்கும் விரிந்தது. குறைந்த விலை என்பதே அதன் அழைப்பு. நிறுவனம் பணமுடையில் சிக்கியதும், 2009இல் அக்கடைகள் மூடப்பட்டன. ஊழியர் சம்பளம் நிலுவையில் நின்றது. 2001இல் தோன்றிப் பெரும்புகழ் பெற்ற ‘பிக் பஜார்’ பலகைகள் 2022இல் ஊர்தோறும் இறங்கின. ஒரு தெருவில் விற்பனை நன்றாக நடந்தாலும், தொலைதூரத்தில் ஓர் அறையில் எடுக்கப்படும் முடிவு அத்தெருவின் கடையை மூடிவிடும். அதற்குள் அருகிலிருந்த சிறுகடை போட்டியைத் தாங்காமல் மூடப்பட்டிருந்தால், அத்தெருவினருக்கு இரண்டும் இல்லை. தனிக்கடையும் மூடப்படும், ஆனால் அதன் நட்டம் பக்கத்துத் தெருக் கடையை இழுத்துக்கொண்டு போவதில்லை.

பல பொருள் சில்லறை வணிகத்தில் அயல்நாட்டு நிறுவனங்கள் 51 விழுக்காடு வரை முதலீடு செய்யலாம் என்று மைய அரசு 2012 செப்டம்பரில் அனுமதித்தது. ஏற்பதும் மறுப்பதும் மாநிலங்களின் விருப்பம் என்று விடப்பட்டது. மகாராஷ்டிரா ஏற்றது, தமிழ்நாடு மறுத்தது. மும்பைத் தமிழர் வீடுகளில், பிறந்த மாநிலமும் பிழைக்கும் மாநிலமும் ஒரே செய்தியில் எதிரெதிராக நின்ற வேடிக்கை அது. அன்று அஞ்சியவாறு அயல்நாட்டுப் பேரங்காடிகள் வெள்ளமெனப் பெருகிவிடவில்லை. உள்நாட்டு நிறுவனங்களே வளர்ந்தன. இப்போது பத்து நிமிடத்தில் வாயிலுக்கே பொருள் கொண்டுவரும் கைப்பேசிச் சேவைகள் இரண்டு வகைக் கடைகளையும் நெருக்குகின்றன. அவற்றின் கிடங்குகளுக்குள் வாங்குபவர் நுழையவே முடியாது. பொருளைத் தொட்டுப் பார்க்கவும், விலை கேட்டுத் தயங்கவும் அங்கே இடமில்லை.

புலம்பெயர்ந்து வாழும் குடும்பங்களுக்கு இவ்வழக்கில் தனியான ஓர் அக்கறை உண்டு, அது மொழி. பேரங்காடியின் பொட்டலத்தில் ஆங்கிலமும் இந்தியும் இருக்கும். பேச வேண்டிய தேவையே இராது. பொருளை எடுத்து, கூடையில் இட்டு, பணம் செலுத்தி, ஒரு சொல்லும் உதிர்க்காமல் வெளியே வந்துவிடலாம். ‘ஜீரா’, ‘தனியா’, ‘ஹல்தி’ என்று படித்து வளரும் சிறுவர், சீரகமும் கொத்தமல்லி விதையும் மஞ்சளும் வேறு ஏதோ பொருள்கள் என்று எண்ணுவதில் வியப்பில்லை. தெருக்கடையில் வாய் திறந்தே ஆக வேண்டும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் உள்ள தமிழர் கடைகளின் பெயர்ப் பலகை மராத்தியில் இருக்கும். 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அது சிறுகடைகளுக்கும் கட்டாயம். அம்மண்ணின் மொழிக்கு அந்த மதிப்பு முறையானதே. பலகைக்குக் கீழே, கல்லாவுக்கு முன்னால், பேச்சு தமிழில் நடக்கிறது. அங்கு வரும் மராத்திய மூதாட்டியிடம் கடைக்காரர் மராத்தியில் பேசுகிறார். அவரும் ‘புளி’ என்னும் சொல்லைக் கற்றுக்கொண்டு போகிறார்.

எனவே, தெருக்கடைகள் நிலைக்க வேண்டும். இரக்கத்தால் அவற்றைக் காக்க முடியாது. தீபாவளிக்கு முன் ஒருநாள் அங்கே போய்ப் பொரி வாங்குவதாலும் முடியாது. ஒரு வட்டாரத்துச் சிறு வணிகர் இருபது பேர் சேர்ந்து மொத்தக் கொள்முதல் செய்தால் விலை இடைவெளி ஓரளவு குறையும். 1948இல் ஆலைத் தொழிலாளர்க்கு இயன்றது இன்றைய வணிகர்க்கு இயலாததன்று. கடைப் பையனுக்கு வாரத்தில் ஒருநாள் ஓய்வும், உறங்குவதற்கு மூட்டைகள் இல்லாத ஓர் இடமும் தருவதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வாங்குவோரும் மாதத் தொடக்கத்தில் கையில் காசு இருக்கும்போது பேரங்காடிக்கும், காசு தீர்ந்தபின் கடனுக்குத் தெருக்கடைக்கும் செல்வது என்னும் வழக்கத்தை எண்ணிப் பார்க்க வேண்டும். ரொக்கம் முழுவதும் ஓரிடத்துக்கும் கடன் முழுவதும் மற்றோரிடத்துக்கும் போனால், எந்தக் கடைக்காரராலும் நெடுநாள் நோட்டை விரித்து வைத்திருக்க முடியாது. அரிசியும் எண்ணெயும் பேரங்காடியில் வாங்கினாலும், பருப்பையும் மிளகாயையும் புளியையும் முதல் தேதியிலேயே, ரொக்கத்துக்கே, தெருமுனையில் வாங்கலாம்.

அப்படி வாங்கச் செல்லும் சிறுவரிடம் கடைக்காரர், “வரமிளகாயா? குண்டா, நீட்டா? குழம்புக்கா, தாளிக்கவா?” என்று கேட்பார். விடை தெரியாவிட்டால் வீட்டுக்கு ஓடிச் சென்று அம்மாவிடம் கேட்டு வர வேண்டும்.